எள்ளாத நகை

(சத்தியவேட்டில் நடைபெற்ற தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை என்றால் சங்க இலக்கியத்தின் சிறப்பையோ, காப்பியங்களின் பெருமையையோ எடுத்துப் பேசுவது மரபு. ஆனால் செயலாளர் அவர்கள், "இம்முறை குழந்தைகளும் இருந்து கேட்கத்தக்க ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கட்டளையிட்டுவிட்டார்கள். ஆகவே, துப்பறியும் சாம்புவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெயரைக் கேட்டவுடனேயே முதியவர்கள் சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். இளைஞர்கள் சிலர், "யார் அந்தச் சாம்பு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதையும் காண்கிறேன். ஒரே மண்டபத்தில், ஒரே மொழி பேசும் மக்களிடையே, ஒரு சாரார் சிரிப்பதற்கும் மற்றொரு சாரார் விழிப்பதற்கும் காரணம் என்ன? இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமையும்.

முதலில் சாம்புவை அறிமுகம் செய்துவைக்கிறேன். தேவன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன் அவர்கள் 1913-ஆம் ஆண்டு திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆனந்த விகடனில் சேர்ந்து, அதன் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று, 1957-இல் தம் 43-ஆம் வயதிலேயே மறைந்துவிட்டவர். குறுகிய அந்த வாழ்நாளுக்குள் அவர் தமிழ் மக்களைச் சிரிக்கவைத்தது கொஞ்சமன்று. 1942-இல் விகடனில் அவர் எழுதிய 50 கதைகளின் நாயகரே நம் சாம்பு.

சாம்பு எப்படிப்பட்டவர்? வயது நாற்பதை ஒட்டியது. வழுக்கைத் தலை. நீண்ட மூக்கு. வங்கி ஒன்றில் குமாஸ்தா வேலை. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருமுகமாக அவருக்குச் சூட்டியிருந்த பட்டம், முட்டாள் என்பது. இத்தகைய ஒருவர் நாடறிந்த துப்பறியும் நிபுணர் ஆகிவிடுகிறார்; இன்ஸ்பெக்டர் கோபாலன் அவரைக் கலந்துகொள்ளாமல் எந்தச் சிக்கலான வழக்கையும் தொடுவதில்லை. வேம்பு என்ற மனைவி வாய்க்கிறாள், சுந்து என்ற மகன் பிறக்கிறான், புகழ் வளர்கிறது. இவ்வளவும் எப்படி நடந்தது என்பது சாம்புவுக்கு மட்டும் கடைசிவரை விளங்குவதில்லை!

தமிழில் துப்பறியும் கதைகளுக்குக் குறைவு இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜு அவர்கள் துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் மர்மக் கதைகளை எழுதிக் குவித்தார்கள். பின்னாளில் தமிழ்வாணனின் சங்கர்லால் கோப்பை கோப்பையாகத் தேநீர் அருந்திக்கொண்டே கொலைகாரர்களைப் பிடித்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நீதிமன்றத்திலிருந்து புறப்பட்டு மர்மங்களைத் துலக்கினார்கள். இவர்கள் அனைவரும் அறிவாளிகள். நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். சாம்பு ஒருவர்தாம், நமக்குத் தெரிந்ததுகூடத் தமக்குத் தெரியாத துப்பறிவாளர்.

திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கண்டவர் ஐயுறாத தோற்றமும், எவர் உறுத்து நோக்கினாலும் கலங்காத நெஞ்சும், உள்ளதை எந்நிலையிலும் வெளியிடாத உறுதியும் ஒற்றனுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. சாம்புவை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். முதல் தகுதி அவருக்கு நிறைய உண்டு; அவரைப் பார்த்து யாரும் ஐயுறமாட்டார்கள். இரண்டாவது தகுதி அறவே இல்லை. மூன்றாவதில் அவரை வெல்ல ஆளில்லை. எவ்வளவு துன்புறுத்திக் கேட்டாலும் அவர் ஒன்றையும் வெளியிடமாட்டார். வெளியிடுவதற்கு அவரிடம் ஒன்றும் இருந்தால்தானே!

(சிரிப்பு)

இந்தக் கதைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சற்று ஆராய்வோம். தேவன் எழுதிய கதை எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதை நீங்களே படித்து அனுபவிக்கவேண்டும். அவருடைய முறை விளங்குவதற்காக நானே ஒரு சிறு எடுத்துக்காட்டைக் கட்டிச் சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் பொங்கல் விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தி தொடங்கும் வேளையில் பணப்பெட்டியின் சாவியைக் காணவில்லை. எல்லோரும் தேடுகிறார்கள். ஒரு மூலையில் நம் சாம்புவைப் போன்ற ஓர் அப்பாவி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சாவியைப் பற்றிக் கவலை இல்லை, பசி. வடை வெந்துவிட்டதா என்று பார்க்க மெல்ல எழுந்து சமையற்கட்டுக்குப் போகிறார். அடுப்பருகே நின்று, மூக்கை இரண்டு முறை உறிஞ்சிவிட்டு, சமையற்காரரின் முகத்தை உற்றுப் பார்த்து, "ஆயிற்றா?" என்று கேட்கிறார். சமையற்காரருக்குக் கை நடுங்குகிறது. "ஐயா! காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். ஏதோ புத்தி கெட்டு எடுத்துவிட்டேன்" என்று அரிசிப் பானைக்குள்ளிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைக்கிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. "என்ன கூர்மை! மூக்கினாலேயே திருட்டை மோந்துவிட்டாரே! 'ஆயிற்றா?' என்று ஒரே ஒரு சொல்! அதற்குள் எத்தனை பொருள்!" என்று வியக்கிறார்கள். நம் நண்பரோ, வடை இன்னும் வரவில்லையே என்ற துயரத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார். "அடக்கத்தைப் பாருங்கள்!" என்கிறது கூட்டம்.

வழக்கமான துப்பறியும் கதையில் படிப்பவன் பின்னால் ஓடுகிறான். துப்பறிவாளன் முன்னால் போகிறான். கடைசிப் பக்கத்தில்தான் நாம் அவனை எட்டிப் பிடிக்கிறோம். இங்கோ, தொடக்கம் முதலே நமக்கு எல்லாம் தெரியும். ஊர் முழுவதும் ஏமாந்திருக்கும்போது, உண்மை அறிந்தவர்கள் ஆசிரியரும் நாமும் மட்டுமே. அந்த இரகசியக் கூட்டுறவுதான் சாம்பு கதையின் இன்பம்.

இந்த இன்பத்தை மேடையிலும் கண்டார்கள்; தொலைக்காட்சியிலும் கண்டார்கள். சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பின்னாளில் தூர்தர்ஷனில் துப்பறியும் சாம்பு தொடராக வந்தபோது, சாம்புவாக நடித்தவர் காத்தாடி ராமமூர்த்தி அவர்கள். சோ அவர்களின் நாடகம் ஒன்றில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்பது நாடக உலகம் அறிந்த செய்தி. அச்சில், சாம்புவின் மனத்தில் ஓடுவதைத் தேவன் நம் காதோடு சொல்லிவிடுகிறார். திரையில் அவ்வாறு சொல்ல ஆசிரியர் இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு மேதையைப் பார்க்கவேண்டும். அதே கணத்தில், அதே முகத்தில், வீட்டில் அமர்ந்திருக்கும் நாம் ஒரு பேதையைப் பார்க்கவேண்டும். ஒரே முகம் இரண்டு செய்திகளைத் தாங்கவேண்டும். நகைச்சுவைத் துப்பறியும் தொடரில் நடிப்பது எத்துணை அரிய கலை என்பதை இதிலிருந்து உணரலாம்.

நிற்க. நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம்? இந்தக் கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் கேட்டுவருகிறார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையையே முதலில் வைக்கிறது. அந்நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றும் வகுக்கிறது. ஒன்று எள்ளல், பிறரை இகழ்வதால் வருவது, பிறரால் இகழப்படும்போது வருவது. மற்றொன்று இளமை, குழந்தையின் மழலையையும் தளர்நடையையும் கண்டு வருவது. அடுத்தது பேதைமை, அறியாமையினால் வருவது. இன்னொன்று மடன், கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொண்டுவிடுவது என்று உரையாசிரியர் இதனை விளக்குகின்றனர்.

பேதைமையும் மடனும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர் என்று மாணவப் பருவத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. சாம்பு கதைகளைப் படித்தால் வேறுபாடு பளிச்சென்று விளங்கும். சாம்புவிடம் இருப்பது பேதைமை. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊராரிடம் இருப்பது மடன். பிறர் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். நேற்று எல்லோரும் 'முட்டாள்' என்றார்கள், அதை நம்பினார்கள். இன்று எல்லோரும் 'மேதை' என்கிறார்கள், அதையும் நம்புகிறார்கள். இரண்டு நாளும் எவரும் அந்த மனிதரை நேராகப் பார்க்கவில்லை. நேற்றைய சாம்புவும் இன்றைய சாம்புவும் ஒருவரே. மாறியது அவர்மீது ஒட்டப்பட்ட சீட்டு மட்டுமே. தேவன் சிரித்துக்கொண்டே நம் நெற்றியில் தட்டிச் சொல்லும் உண்மை இது.

இளமையும் அந்தக் கதைகளில் உண்டு. சாம்பு வழுக்கை விழுந்த குழந்தை. சூதில்லை, பொறாமையில்லை, பிறரைக் கெடுக்கும் எண்ணமில்லை. நான்கில் மூன்று ஆயின. எஞ்சியது எள்ளல். தேவனிடம் அது மட்டும் இல்லை. சாம்புவைக் கண்டு அவர் சிரிக்கிறார், சாம்புவை இழிவுபடுத்துவதில்லை. அதனால்தான் 50 கதைகள் படித்த பின்பும் நம் நெஞ்சில் எஞ்சுவது இளக்காரமன்று, அன்பு. "நம் வீட்டுக்கு ஒரு நாள் வந்தால் ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பலாமே" என்ற எண்ணமே எஞ்சுகிறது.

பிற நாட்டாரும் இத்தகைய பாத்திரங்களைப் படைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960-இல் முதன்முதலாகத் தோன்றி, 1971 முதல் தொடராகவும் வந்த கொலம்போ என்ற துப்பறிவாளரை எடுத்துக்கொள்ளுங்கள். கசங்கிய மழைக்கோட்டும் கலைந்த தலையுமாகத் தோன்றும் அவரைக் குற்றவாளி குறைத்து மதிப்பிடுகிறான்; அந்த மதிப்பீடே அவனுக்கு வினையாகிறது. அவர் பேதைபோல் தோன்றும் அறிவாளி. 2002 முதல் 2009 வரை வந்த மங்க் என்ற தொடரின் நாயகருக்கு அறிவு மிகுதி, அச்சமும் மிகுதி. கிருமியைக் கண்டால் அச்சம், உயரத்தைக் கண்டால் அச்சம், ஒரு பொருள் நேராக இல்லாவிட்டாலும் தாங்காது. கோணலாக இருப்பதைக் கண்டு தாங்க முடியாத அந்தக் குறையே, குற்றம் நடந்த இடத்தில் எது கோணலாக இருக்கிறது என்பதை அவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. இந்தியிலும் 1985-இல் கரம்சந்த் என்ற தொடர் வந்தது. பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறிவார்; உதவியாளர் கிட்டி எதையாவது கேட்டு அவருடைய வசவை வாங்கிக்கொள்வாள்.

இவர்கள் எல்லோருக்கும் உள்ள பொதுமை ஒன்று. உலகம் யாரைப் பார்த்து, "இவனால் என்ன ஆகப்போகிறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறதோ, அவனே உண்மையைக் கண்டுபிடிக்கிறான். ஏழை எளியவரும், பேச்சில் தடுமாறுபவரும், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவரும் இக்கதைகளை விரும்புவதன் காரணம் இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

நம் அண்டை வீட்டாரான தெலுங்கரும் இச்சுவையில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு வீரமான துப்பறிவாளராக டிடெக்டிவ் யுகந்தர் இருந்தார். அவரைப் படைத்தவரின் பெயர் கொம்மூரி சாம்பசிவராவ். இங்கே சாம்பு துப்பறிந்தார். அங்கே சாம்பசிவர் துப்பறிய வைத்தார்! மல்லாதி வெங்கட கிருஷ்ணமூர்த்தி எழுதிய சண்டப்பாயி என்ற நாவலை ஜந்தியாலா 1986-இல் திரைப்படமாக்கினார். சிரஞ்சீவி அதில் சிரிப்புத் துப்பறிவாளராக நடித்தார். 2019-இல் ஏஜெண்ட் சாய் சீனிவாச ஆத்ரேயா என்ற படம் வந்தது. அந்தத் துப்பறிவாளர் நமக்கு வடக்கே இருக்கும் நெல்லூர்க்காரர். தம் அலுவலகத்துக்கு எஃப்.பி.ஐ. என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார். அமெரிக்காவின் பெரும் புலனாய்வுத் துறை என்று நாம் மலைத்தால், அது பாத்திமா பீரோ ஆஃப் இன்வெஸ்டிகேஷன்! அந்தக் கதையே 2022-இல் ஏஜெண்ட் கண்ணாயிரம் என்ற பெயரில், சந்தானம் நடிக்க, எல்லை தாண்டித் தமிழுக்கு வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எஃப்.பி.ஐ. என்ற வேடிக்கை தெலுங்கருக்கும் விளங்கும், தமிழருக்கும் விளங்கும். அது இரு மொழிக்கும் பொதுவான ஆங்கில எழுத்துகளில் பிறந்தது. ஆனால் தேவனின் நகை அப்படிப்பட்டதன்று. தஞ்சை மாவட்டத்து வீட்டுத் திண்ணையிலும், சென்னை நகரத்து டிராம் வண்டியிலும் தமிழர் பேசிய பேச்சின் குழைவில் அது பிறந்தது. ஒரு 'ஓய்' என்ற விளியிலும், ஒரு 'ஆமாங்காணும்' என்ற இழுப்பிலும் அதன் உயிர் இருக்கிறது. ஒரு மொழியில் அங்காடிக்குப் போய்ப் பொருள் வாங்கச் சில வாரம் போதும். கடிதம் எழுதச் சில ஆண்டு போதும். அம்மொழியில் ஒருவர் நகைக்கும்போது அதே நொடியில் நாமும் நகைக்கவேண்டுமானால், அம்மொழிக்குள் குடியிருக்கவேண்டும். ஒரு மொழி நம்மை விட்டு நழுவும்போது முதலில் நழுவுவது இந்த நகைதான். தொடக்கத்தில் நான் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. சாம்பு என்றவுடன் சிரித்தவர்களுக்கும் விழித்தவர்களுக்கும் நடுவில் இருப்பது வயது மட்டுமன்று, படிப்பு. தமிழ்ப் படிப்பு.

இதை நான் சத்தியவேட்டில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வூரின் வரலாறே ஒரு வேடிக்கையான வரலாறு. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, எல்லைச் சீரமைப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தில் சேர்ந்தது. அதே நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பின்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு, 2022 ஏப்ரலில் புதிதாகப் பிறந்த திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. இவ்வூர்ப் பழங்குடிகள் ஓரடியும் நகரவில்லை. எல்லைதான் நகர்ந்துகொண்டே இருந்தது. நாமோ ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். 2008-க்குப் பின் ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலைகள் வளர வளர, மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் வேலை தேடி வந்து இந்தக் காலனியில் குடியேறினோம். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் தமிழ்நாடு. வரதய்யபாளையம் பக்கம் திரும்பினால் தெலுங்கு நாடு. கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிகிறது. இது குறையன்று, ஒரு செல்வம்.

ஆனால் நம் குழந்தைகளின் நிலை என்ன? பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும். விளையாட்டுத் திடலில் தெலுங்கு. வீட்டில் மட்டும் தமிழ். காதால் கேட்கிறார்கள், வாயால் பேசுகிறார்கள், கண்ணால் படிக்க முடியவில்லை. தொலைக்காட்சியில் வடிவேலுவைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தேவனின் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பட்டாம்பூச்சியைப் பார்ப்பதுபோல் எழுத்துகளைப் பார்க்கிறார்கள்.

இதற்கு மருந்தாக நாம் என்ன செய்கிறோம்? இங்கேதான் தொல்காப்பியரின் நான்கு நகைகளை மறுபடியும் நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஏழெட்டு வயதுச் சிறுமி. நல்ல மழை. ஓடிவந்து, "தாத்தா! மழை விழுந்தது!" என்றாள். தெலுங்கில் மழை விழத்தான் செய்யும்; தமிழில் பெய்யும். அவள் தெலுங்கில் நினைத்துத் தமிழில் சொன்னாள். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் கூட்டம் சிரித்தது. "எங்கே, இன்னொரு தடவை சொல்லு!" என்று சொல்லவைத்து மறுபடியும் சிரித்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. மாலையில் மறுபடி தூறியபோது அந்தக் குழந்தை சன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்தது. பிறகு மெல்லிய குரலில், "ரெயின்" என்றது. அவ்வளவுதான். ஒரு தமிழ் வாக்கியத்தின் இடத்தில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் வந்து நின்றது. அதை யாரும் கேலி செய்யவில்லை.

முதல் முறை எழுந்த சிரிப்பு இளமையைக் கண்டு எழுந்த சிரிப்பு, அதில் குற்றமில்லை. இரண்டாம் முறை சொல்லவைத்துச் சிரித்தது எள்ளல். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு மயிரிழை போன்றது. பெரியவர்களுக்கு அது தெரிவதில்லை, குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பிழை செய்தால், "பரவாயில்லை, பேசப் பேச வரும்" என்று தட்டிக்கொடுக்கிறோம். தமிழில் பிழை செய்தால், "தமிழனுக்குப் பிறந்துவிட்டு இப்படியா?" என்று நகைக்கிறோம். 'வாளப்பளம்' என்று குழந்தை சொன்னதைக் கேட்டுச் சிரித்த ஒரு பெரியவர், அடுத்த நிமிடமே, "அந்தப் பளத்தை இப்படி எடு" என்றதையும் நான் கேட்டிருக்கிறேன்!

நம் கடைத்தெருவிலிருந்து நாம் ஒரு பாடம் கற்கலாம். இங்கே வந்த புதிதில் நாம் பேசிய தெலுங்கை நினைத்துப் பாருங்கள். இலக்கணம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ஆயினும் பல கடைக்காரர்கள் நாம் தடுமாறிய இடத்தில் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். நாமும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே சென்றோம். அதனால்தான் இன்று ஓரளவு தெலுங்கு பேசுகிறோம். அயலார் நம் நாவுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை நாம் நம் குழந்தைகளின் நாவுக்குக் காட்டவேண்டாமா?

சாம்புவை மறுபடி நினையுங்கள். 'முட்டாள்' என்று ஊர் எழுதி ஒட்டிய சீட்டை அவர் நல்லூழ் கிழித்தெறிந்தது. எல்லாக் குழந்தைக்கும் அப்படிப்பட்ட நல்லூழ் வாய்ப்பதில்லை. 'இவனுக்குத் தமிழ் வராது' என்று நாம் ஒட்டும் சீட்டு பெரும்பாலும் ஒட்டியபடியே இருந்துவிடுகிறது. 'இவள் பெரிய மேதை' என்று ஒட்டும் சீட்டும் அதே அளவு கெடுதலானது. சீட்டைப் படிப்பதை விட்டுக் குழந்தையைப் பார்ப்போம்.

சொல்லிவிட்டுப் போவது எளிது. செய்யத்தக்க ஒன்றைச் சொல்வதே பேச்சாளன் கடமை. ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதம் ஒரு மாலை, ஒருவர் வீட்டுக் கூடத்தில் நான்கைந்து குடும்பங்கள் கூடுங்கள். சாம்பு கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வடிவில் இன்றும் அவை கிடைக்கின்றன. பத்தி பத்தியாகக் குழந்தைகளும் பெரியவர்களும் மாறி மாறிப் படியுங்கள். இரண்டே விதிகள். படிப்பவர் ஓரிடத்தில் நின்றுவிட்டால், பத்து எண்ணும்வரை காத்திருந்து, பிறகு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுக்கவேண்டும். சிரிக்கும்போது சாம்புவைக் கண்டு சிரிக்கலாம். படிப்பவரைக் கண்டு சிரிக்கக்கூடாது. மாதம் ஒன்றாக 50 கதைகள் முடிய நான்கு ஆண்டும் இரண்டு மாதமும் ஆகும். இன்று எழுத்துக்கூட்டும் பிள்ளை, அன்று நகைச்சுவை வரும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து, குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிக்கும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குழந்தைகளையும் அழையுங்கள். அவர்கள் தங்கள் மொழிக் கதை ஒன்றைச் சொல்லட்டும். நாம் கேட்டுச் சிரிப்போம். எந்த மொழி உயர்ந்தது என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். ஒருவர் நகையை மற்றவர் அறிந்த அண்டை வீட்டாரிடையே பகை எளிதில் மூளாது.

இன்னும் சற்று நேரத்தில் நம் குழந்தைகள் இம்மேடையில் நாடகம் நடிக்கப்போகிறார்கள். எவரேனும் ஒரு குழந்தை வசனத்தை மறக்கலாம், 'பெய்தது' என்பதை 'விழுந்தது' என்று சொல்லலாம், ழகரம் வழுக்கலாம். அப்பொழுது இந்த மண்டபத்திலிருந்து எந்த நகை எழப்போகிறது? தொல்காப்பியர் சொன்ன நான்கில் எது என்பதை மேடையிலிருக்கும் குழந்தை அந்த நொடியிலேயே அறிந்துகொள்ளும். இத்தனை நேரம் நான் பேசியதற்குப் பயன் உண்டா இல்லையா என்பதை நானும் உங்களோடு அமர்ந்து அறிந்துகொள்கிறேன்.